203 முறை தோற்காதவருக்கு விழச் சொல்லித்தர வருமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2, மாலை

என் மகளுக்கு ஒன்பது வயது. ஜூடோவில் சேர்க்க வேண்டும். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் முன்னாள் சாம்பியன் சொல்லித்தருகிறார், சுவர் முழுக்கப் பதக்கம். இன்னொன்றில் பெரிதாக எதுவும் ஜெயிக்காத ஒரு வாத்தியார். எல்லோரும் சாம்பியனிடம் போகச் சொல்கிறார்கள். ஜப்பானில் யமஷிதா என்று ஒருவர் வரிசையாக 203 போட்டி தோற்கவே இல்லையாம். அப்படிப்பட்ட ஆளுக்குத் தோற்கிற பிள்ளையின் கஷ்டம் எப்படிப் புரியும்? ஜெயிக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லித்தர வராது. இது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 2, இரவு

மறுக்கவில்லை. நானும் உங்கள் கட்சிதான்.

பதினான்கு வயதில் நான் போய்ச் சேர்ந்த ஆசிரியர் தம் காலத்தில் பெரிய சாம்பியன். ஐம்பது வயதிலும் எங்களைத் துணி உதறுவதுபோல உதறிப் போடுவார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வரும்: "இழு!" எப்படி இழுப்பது சார் என்று கேட்டால், "இழுத்தால் தெரியும்." நான்கு வருடம் இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு எந்தப் பட்டமும் இல்லாத ஒருவர் வந்து, வலது பாதத்தை அரைச் சாண் உள்ளே வை என்றார். ஒரே வாரத்தில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள்.

பதினெட்டு வருடமாக நானும் சொல்லித்தருகிறேன். சொல்லிக்கொள்ளும்படி ஒரு பதக்கமும் என்னிடம் கிடையாது. ஆக, இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்த ஆதாயம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பிப்ரவரி 3, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் கூச்சமாக இருக்கிறது. யமஷிதாவின் பெயரைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டேன். கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

203 என்பது 1977 அக்டோபரில் தொடங்கி 1985இல் அவர் ஓய்வு பெற்றது வரைக்குமான எண். நடுவே ஏழு சமன்கள் உண்டு, அவை கழித்த கணக்கு இது. வாழ்நாள் முழுக்க எடுத்தால் 559 போட்டி, 528 வெற்றி, 15 சமன், 16 தோல்வி. ஆக, மனிதர் பதினாறு முறை தோற்றிருக்கிறார். 1957 ஜூனில் பிறந்தவர். அப்படியென்றால் அந்தப் பதினாறும் இருபது வயதுவாக்கில் முடிந்துபோயின. பிள்ளைப் பருவத்தில் வாங்கிய அடி எல்லாம் பெரியவனானதும் மறந்துவிடும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு மறக்கவில்லை.

தோல்வி என்று எந்தப் பட்டியலிலும் ஏறாத தோல்வி ஒன்றும் அவருக்கு உண்டு. 1980. அப்போது அவர் ஏற்கெனவே உலகச் சாம்பியன், வயது 22. மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணிக்கப் போகிறது என்ற பேச்சு வந்தபோது, எங்களைப் போக விடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் அழுதார். நடக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் உள்நாட்டுப் போட்டி ஒன்றில் கால் முறிந்தது.

பிப்ரவரி 3, மதியம்

காலையில் சமன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கால் முறிந்த ஆட்டமும் சமன்தான். சுமியோ எண்டோ போட்ட பிடி கானி-பசாமி. கானி என்றால் நண்டு. பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு காலாலும் எதிராளியின் காலைக் கொடுக்குபோலக் கவ்விச் சாய்ப்பது. காயத்தால் ஆட்டம் நின்றதால் சமன் என்று எழுதிவிட்டார்கள், வரிசையும் உடையவில்லை. கால் உடைந்தது, சாதனை உடையவில்லை. எண்களை நம்பி யாரையும் எடைபோடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் இதைத்தான் சொல்வேன். இந்தப் பிடி பிற்பாடு தடை செய்யப்பட்டது. என் வகுப்பில் யாராவது விளையாட்டாகச் செய்து பார்த்தால் அன்றைக்கு வகுப்பே முடிந்தது.

பிப்ரவரி 5

யமஷிதா பற்றி இன்னும் கொஞ்சம். எழுத ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை.

குமாமோட்டோவில் பிறந்த இந்தப் பையன் சின்ன வயதில் அடங்காப்பிடாரி. வயதுக்கு மீறிய உடம்பு, வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சிம்மசொப்பனம். இவனுக்குப் பயந்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டேன் என்றதாம். இந்தத் துடுக்கை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமே என்றுதான் வீட்டார் ஜூடோவில் விட்டார்கள். 1984இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பிறகு அந்தப் பழைய வகுப்புத் தோழர்கள் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். உன் உடம்பை அடக்கத் தெரியாமல் எங்களைப் படாதபாடு படுத்தினாய், இப்போது செய்த காரியத்துக்காக அதெல்லாம் மன்னிக்கப்பட்டது என்கிற தொனியில். மக்கள் கௌரவ விருதும் அதே வருடம்தான் கிடைத்தது. எனக்கு என்னவோ தோழர்களின் பத்திரம்தான் பெரிதாகப் படுகிறது.

உயர்நிலைப் பள்ளிக்காலத்தில் ஊரை விட்டு வந்து, நொபுயுகி சாட்டோவிடம் சேர்ந்தார். சாட்டோவும் உலகச் சாம்பியன், 1967, 1973 இரண்டு முறை. தரைப்பிடியில் புலி. இதைக் கவனியுங்கள்: சாம்பியனிடம் படித்துச் சாம்பியனானவர். உங்கள் கட்சிக்கும் என் கட்சிக்கும் இது முதல் இடி.

அந்த 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் ஆட்டங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆட்டத்தில் ஆர்தர் ஷ்னாபெலோடு மோதும்போது வலது கெண்டைக்கால் தசை கிழிகிறது. யமஷிதா இடது கைக்காரர், அதனால் வீசும்போது முழு எடையும் தாங்க வேண்டியது அந்த வலது கால்தான். அரையிறுதியில் பிரான்சின் டெல் கொலம்போ ஓசோதோ காரியில், அதாவது காலை வெளிப்பக்கமிருந்து வாரும் வீச்சில், அவரைப் பின்பக்கம் சாய்த்துச் சின்னப் புள்ளி ஒன்று எடுத்துவிடுகிறார். யமஷிதா எழுந்து, அதே ஓசோதோ காரியைத் திருப்பிப் போட்டு, தரையில் அமுக்கி முடிக்கிறார். இறுதியில் எகிப்தின் முகமது அலி ரஷ்வான். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், யோகோ-ஷிஹோ-கதாமே என்கிற பக்கவாட்டுத் தரைப்பிடி, முடிந்தது. பதக்க மேடையில் ஏற யமஷிதாவுக்குக் கைகொடுத்தது தோற்ற ரஷ்வான். அவருக்கு நேர்மை விளையாட்டுக்கான சர்வதேச விருதும் கிடைத்தது.

நின்று வீச முடியாதபோது அவரைக் காப்பாற்றியது தரைப்பிடி. அதாவது சாட்டோவின் வீட்டுச் சொத்து.

பிப்ரவரி 8

இன்று வேறு ஒன்று நடந்தது. அதனால் இந்தக் கேள்வி தலைகீழாகிவிட்டது.

உச்சி-மாதா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிராளியின் இரு தொடைகளுக்கு நடுவே காலை விட்டு மேலே வாருகிற வீச்சு. சட்டைக் கையைப் பிடித்திருக்கிற கையை எப்படித் தூக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரே பாடம்: "கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல முழங்கையை உயர்த்து." பதினெட்டு வருடமாக நானும் அதையே சொல்கிறேன். ஒரு பையன் நான் வீசுவதைக் கைபேசியில் படமெடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினான். "சார், நீங்க மணி பார்க்கவே இல்லையே?"

உண்மை. என் கை நேராக முன்னால் போகிறது, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்கிறது. நான் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கோசெய் இனோவேயின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். உச்சி-மாதா என்றால் இனோவேதான். 2000 சிட்னி, 100 கிலோ இறுதி, கனடாவின் நிக்கோலஸ் கில்லை அதே வீச்சில் முடித்தவர். அவரும் மணி பார்க்கவில்லை.

என் பழைய ஆசிரியர் "இழுத்தால் தெரியும்" என்றாரே, அது சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் நினைத்தேன். உடம்புக்குத் தெரிந்ததை வாய் சொல்லப்போனால் பொய் வந்துவிடும் என்று பயந்திருப்பாரோ? குறைந்தபட்சம் அவர் பொய் சொல்லவில்லை. நான் பதினெட்டு வருடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 8, இரவு

மேலே உள்ளதற்கு ஒரு திருத்தம். மணி பார்க்கும் பாடம் முழுப் பொய் இல்லை. நின்ற இடத்தில் உச்சிகோமி, அதாவது வீசாமல் வீச்சுக்கு நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, செய்கிற தொடக்கக்காரனுக்கு, எதிராளியின் எடையைக் குதிகாலிலிருந்து முன்விரலுக்குக் கொண்டுவர அது உதவுகிறது. ஓடுகிற ஆளை வீசும்போதுதான் அது பொருந்துவதில்லை. பாடம் வேறு, ஆட்டம் வேறு. இரண்டையும் ஒன்று என்று சொன்னதுதான் என் தப்பு.

பிப்ரவரி 9

உச்சி-மாதா என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒன்றாவது கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டும். மலை உச்சி அம்மன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு இன்னொருவனைத் தூக்க வேண்டும் என்றால் அம்மன் துணை இருந்தால் நல்லதுதான்.

பிப்ரவரி 14

"சாம்பியன் சாம்பியனை உருவாக்கலாம், சாதாரணப் பிள்ளைக்கு என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வருகிறேன். அதற்கு முன் ஜப்பான் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியைப் பார்ப்போம். முப்பது வருடமாக அதில் உட்கார்ந்தவர்கள் எல்லோருமே சாம்பியன்கள். ஒரே நாற்காலி, ஒரே தகுதி, ஆனால் விளைவு ஒன்றல்ல.

யமஷிதா, 1992 முதல் 2000 வரை. அட்லான்டாவில் ஆண்களுக்கு இரண்டு தங்கம், சிட்னியில் மூன்று. சிட்னியில்தான் அந்த இறுதி ஆட்டம்: ஷினிச்சி ஷினோஹாரா, பிரான்சின் டூயே. டூயே உச்சி-மாதாவுக்கு நுழைய, ஷினோஹாரா காலை நழுவவிட்டுத் திருப்பிப் போட்டார். புள்ளி டூயேவுக்குப் போனது. யமஷிதா எதிர்ப்புத் தெரிவித்தார், முடிவு மாறவில்லை. ஷினோஹாரா சொன்னது: நான் பலவீனமாக இருந்ததால் தோற்றேன்.

அடுத்து ஹிதோஷி சைட்டோ, ஏதென்ஸும் பெய்ஜிங்கும். ஒலிம்பிக் தங்கம் இரண்டு வாங்கியவர், ஆனால் அனைத்து ஜப்பான் இறுதியில் 1983, 84, 85 மூன்று வருடமும் யமஷிதாவிடம் தோற்றவர். எவரெஸ்ட்டில் ஏறினேன், ஃபூஜி மலையில் ஏற முடியவில்லை என்று அவர் சொன்னது பிரசித்தம். யமஷிதா ஓய்வு பெற்ற பிறகு, 1988இல்தான் ஏறினார். அதே வருடம் சியோலில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே ஜூடோ தங்கமும் அவருடையது. 2015இல் 54 வயதில் காலமானார். இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

பிறகு ஷினோஹாரா. 2012 லண்டனில் ஆண்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. ஒலிம்பிக்கில் ஜூடோ வந்த பிறகு ஜப்பான் ஆண்களுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

"நான் பலவீனமாக இருந்ததால் தோற்றேன்." வீரன் வாயில் இதைவிட அழகான வாக்கியம் இல்லை. ஆனால் அதே வாக்கியத்தைப் பயிற்சியாளர் ஒருவர் மாணவனைப் பார்த்து நினைத்தால்? மருந்து ஒன்றுதான் மிஞ்சும்: இன்னும் பயிற்சி, இன்னும் பயிற்சி. அவர் அப்படித்தான் நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. நான் அப்படி நினைத்திருக்கிறேன். தோற்றுவிட்டு வந்த பிள்ளையை அன்றைக்கே நூறு உச்சிகோமி போடச் சொல்லியிருக்கிறேன். அது அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

பிப்ரவரி 20

இனோவேக்கு வருகிறேன். இத்தனை நேரம் சுற்றியது இவருக்காகத்தான்.

சிட்னி மேடையில், முந்தைய வருடம் இறந்துபோன அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உலகப் பட்டம் மூன்று: 1999, 2001, 2003. சிட்னிக்கு நான்கு வருடம் கழித்து ஏதென்ஸுக்கு ஜப்பான் அணியின் தலைவராகப் போனார். எல்லோரும் தங்கம் எழுதி வைத்துவிட்டார்கள். காலிறுதியில் நெதர்லாந்தின் வான் டெர் கேஸ்டிடம் தோற்றார். பிறகு வெண்கலத்துக்கான வழியிலும் தோற்றார். வெறுங்கையோடு திரும்பினார். 2008இல் ஓய்வு. பிறகு பிரிட்டனுக்குப் போய்ப் படித்தார். யமஷிதாவும் ஓய்வுக்குப் பின் ஒரு வருடம் இங்கிலாந்தில் இருந்தவர்தான். பெரிய சாம்பியன்கள் மொழி தெரியாத ஊரில், சென்செய், அதாவது வாத்தியார், என்று யாரும் வணங்காத இடத்தில் போய் உட்கார்ந்தது அவர்களுக்கு என்ன செய்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

லண்டன் சரிவுக்குப் பிறகு 34 வயதில் தலைமைப் பயிற்சியாளர். வந்ததும் உடற்பயிற்சி, உணவு என்று நிபுணர்களைக் கூட்டி வந்தார். ரஷ்யாவின் சாம்போ மல்யுத்தம், பிரேசில் ஜியு-ஜித்சு ஆட்களிடம் கற்றுக்கொள்ளவும் கூச்சப்படவில்லை. ஜூடோ பிறந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் போய்ப் பாடம் கேட்பது லேசான காரியம் இல்லை. 2016 ரியோவில் ஆண்கள் ஏழு எடைப்பிரிவிலும் பதக்கம், அதில் தங்கம் இரண்டு. 2021இல் நடந்த டோக்கியோவில் தங்கம் ஐந்து.

ஆனால் இனோவே என்றால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஐந்து தங்கம் அல்ல. 2020 பிப்ரவரியில் ஒலிம்பிக் அணியை அறிவிக்கும் கூட்டம். தேர்வானவர்களின் பெயரைச் சொல்ல வந்தவர், கடைசிவரை போராடி விடுபட்டவர்களின் முகம்தான் கண்ணுக்குள் வருகிறது என்று சொல்லி, பேச முடியாமல் அழுதுவிட்டார். ஏதென்ஸிலிருந்து வெறுங்கையோடு வந்தவருக்குத்தான் அந்த முகங்கள் தெரியும் என்று எழுத நினைத்தேன். அழித்துவிட்டேன். தோற்ற எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. நானும் தோற்றவன்தான், நூறு உச்சிகோமி போடச் சொன்ன கதை மேலே இருக்கிறது.

பிப்ரவரி 21

"அப்போது என் கட்சி தோற்றதா?" என்று கேட்கிறீர்கள். ஆமாம். என் கட்சியும் சேர்ந்துதான்.

மார்ச் 1

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். இது பதக்கப் பேச்சு அல்ல, கொஞ்சம் கனமானது.

ஜப்பான் பள்ளிகளில் 1983 முதல் 2011 வரை ஜூடோவில் இறந்த பிள்ளைகள் 118 பேர். பெரும்பாலும் தலையில் அடி. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம். வில்லங்கமான வீச்சு என்று அடிக்கடி பேர் வாங்குவது ஓசோதோ காரி, ஏனென்றால் அதில் நேராகப் பின்மண்டைப் பக்கம் சாய்வோம். தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ளத் தெரியாத பிள்ளைக்கு அது ஆபத்து. யமஷிதா டெல் கொலம்போவைப் போட்டதும் அதே வீச்சு. எனக்கு மிகப் பிடித்த வீச்சும் அதே. சேர்ந்து குறைந்தது சில மாதம் ஆகாமல் அதை யாருக்கும் நான் போட்டுக் காட்டுவதில்லை.

இன்னொன்று. 2022இல் ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. சின்னஞ்சிறுசுகளை எடை குறைக்க வைக்கிறார்கள், பெற்றோரும் பயிற்சியாளர்களும் நடுவரைப் பார்த்துக் கத்துகிறார்கள், ஜெயிப்பதே எல்லாம் என்றாகிவிட்டது என்பது காரணம். அப்போது கூட்டமைப்பின் தலைவர் யார் தெரியுமா? யமஷிதா. 203 முறை தோற்காதவர். நீங்கள் முதல் நாள் கேட்ட கேள்விக்கு அவரே ஒரு பதில் சொல்லி வைத்திருக்கிறார், நான்தான் ஒரு மாதம் சுற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 2

எந்த இடத்தில் சேர்ப்பது என்று நேரடியாகச் சொல்லச் சொல்கிறீர்கள். இரண்டிலும் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். உகெமி, அதாவது விழும் பயிற்சி, எவ்வளவு நேரம் நடக்கிறது? தலை இடித்த பிள்ளையை அன்றைக்கு உட்கார வைக்கிறாரா, "ஒன்றுமில்லை, எழுந்திரு" என்கிறாரா? கடைசியில் நிற்கிற பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரிகிறதா? இவ்வளவுதான். பதக்கம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 11

இந்தக் கேள்வி-பதில் இழை ஓய்ந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் ஒன்றை எழுதியாக வேண்டும்.

நேற்று ரந்தோரியில், அதாவது இருவர் சுதந்திரமாக மோதிப் பார்க்கும் பயிற்சியில், ஒரு பையன் இன்னொருவனைச் சுத்தமாக வீசினான். வீசிய வேகத்தில் கையை விட்டுவிட்டான். கீழே போனவன் தோள்பட்டையில் இறங்கினான், தலை அரை விரல்கடையில் தப்பித்தது. சட்டைக் கையைப் பிடித்திருக்கிற கை கடைசி நொடியில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போதுதான் விழுபவனின் மேல்பாதி தூக்கிக்கொள்ளும், முதுகு தட்டையாக இறங்கும், மண்டை தரைக்குப் போகாது. வீசுவதற்காக இழுப்பது முன்பாதி. விழுபவனுக்காக இழுப்பது பின்பாதி.

நான் அறையின் மறுகோடியில் இருந்தேன். அவன் கையை விடுவதைப் பார்த்ததும் என் வாயிலிருந்து ஒரே சொல்தான் வந்தது. பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

"இழு!"

நான்கு வருடம் அவர் என்னைத் தினமும் உதறிப் போட்டிருக்கிறார். ஒரு நாளும் என் தலை தரையில் பட்டதில்லை. என் சட்டையின் வலது கை மட்டும் எப்போதும் தையல் விட்டுப் போயிருக்கும், அம்மா திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பாள்.

அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.